அட்டவணைக்குள் அடங்காத ஆட்டக்காரன்

"பதினாறு நிமிஷம்!"

கையிலிருந்த ஸ்டாப்வாட்சை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள் அவள். ஹாலின் வாசலில் நின்றவன் தொப்பலாக நனைந்திருந்தான். இமையிலிருந்து மழைநீர் கன்னத்தில் வழிய, அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அவளையே பார்த்தான்... அப்படி ஒரு பார்வை!

'என்ன இவன், பொம்பளையைப் பார்த்ததே இல்லையா?' என்று எரிச்சல் வந்தது அவளுக்கு.

"பதினஞ்சு நிமிஷம்தான் பொறுப்போம்னு விதிமுறையில போட்டிருக்கே, படிக்கலையா? உங்க ஆட்டத்தை எதிராளிக்குக் கொடுத்தாச்சு."

"ஒரு நிமிஷந்தானேங்க..."

"ஒரு நிமிஷம்னாலும் லேட்டு லேட்டுதான்."

"வண்டியில ஆள் இருந்தாங்க. இறக்கிவிட்டுட்டு வர்றதுக்குள்ள..."

"சவாரியா? தெருமுனையிலேயே இறங்கி நடந்து போங்கன்னு சொல்லிட்டு ஓடி வந்திருக்கலாமே!"

  அவன் மெதுவாகச் சொன்னான்.

"இறங்கி நடக்கற சவாரி இல்லைங்க அது."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவனோடு ஆட வேண்டியிருந்த பேக்கரிக்காரர் அவள் பக்கமாகச் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "சவ வண்டி ஓட்டறவன்மா. ஆஸ்பத்திரி வாசல்ல நிக்குமே, அது. 'கடைசி வண்டி'ன்னா எல்லாருக்கும் தெரியும். எனக்கு ஆடாமலே கிடைச்ச இந்த வாக்கோவரே போதும். அவன் கையைக் குலுக்கிட்டுப் போய் நான் எப்படி மாவு பிசையறது?"

தெருமுனையில் இறக்கிவிடச் சொன்ன தன் வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. காது மடல்கள் சுட்டன. ஆனால் அட்டவணையில் எழுதியதை அடித்துத் திருத்த மனம் வரவில்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் அவள்.

"ஒரு தடவை தோத்தா அட்டவணையில கீழ்ப்பக்கம் போயிடுவீங்க. அங்கேயும் தோத்தாதான் வீட்டுக்குப் போகணும்," என்றாள் சுவரைப் பார்த்துக்கொண்டு. "நாளைக்குக் கீழ்ப்பக்கத்துல உங்களுக்கு ஆட்டம் போடறேன். எத்தனை மணிக்கு வசதி?"

"எப்படிங்க சொல்றது? போறவங்க சொல்லிக்கிட்டா போறாங்க?"

"அப்ப உங்களை எந்தக் கட்டத்துலதான் போடறது நான்?"

"பென்சில்ல போடுங்க," என்றான் அவன். கண்கள் மட்டும் சிரித்தன.

மாடியில் ஒரு நீள ஹால். கோலால் பந்தைக் குழியில் தள்ளி ஆடும் பூல் மேஜைகள் நான்கு. ஒவ்வொன்றின் மேலும் ஒரு தொங்கும் விளக்கு. முப்பத்திரண்டு பேர், இரண்டு வாரக் கடைசிகள், ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம். சுவரை அடைத்துக்கொண்டு ஒட்டியிருந்த அந்த அட்டவணையை அவள் ஒருத்தியே உட்கார்ந்து போட்டிருந்தாள். ஆட்டக்காரர்கள் அவளுக்குக் 'கடிகாரம்' என்று பட்டப்பெயர் வைத்திருந்ததும் அவளுக்குத் தெரியும். வைத்துவிட்டுப் போகட்டும்!

ஹால் அண்ணனுடையது. போட்டி வைக்கலாம் என்ற யோசனை அவளுடையது. அம்மா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. காலையில் துணி காயப்போட்டவள், மத்தியானம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் மூடிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டது, "சாப்பிட்டியா?" "ம்..." அவ்வளவுதான். யார், எந்த மேஜையில், எத்தனை மணிக்கு என்று கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டிருக்கும் வரை அவளுக்கு மூச்சு விட முடிந்தது. வீட்டுக்குப் போனால் முடியவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கே போன் போட்டாள். அட்டவணை விஷயமாகத்தான்.

"இன்னிக்கு நிலவரம் எப்படி?"

"இதுவரைக்கும் எல்லாரும் உயிரோடதான் இருக்காங்க."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். சிரித்துவிட்டாள். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு... அதுவும் இந்தப் பேச்சுக்கா! தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

பதினொன்றரைக்கு வந்தான், ஜெயித்தான். இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்து ஓடினான். அவள் கட்டத்தை அழித்து ஐந்துக்கு மாற்றினாள். ஐந்துக்கு வந்து அதிலும் ஜெயித்தான். மேஜையில் குனியும்போது அவன் முகத்தில் பரபரப்பே இருக்காது. பந்து தன்னால் குழிக்குள் போக விரும்பி உருளுகிற மாதிரி உருளும். அவன் ஆடும்போது மற்ற மூன்று மேஜைகளின் கணக்கையும் கடிகாரம் இரண்டு முறை மறந்தது.

இன்னொன்றையும் பார்த்தாள். ஆட்டத்துக்கு முன் இருவரும் கை குலுக்க வேண்டும். அவன் எப்போதும் வலது கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, தலையை மட்டும் அசைத்தான். மற்றவர்கள் கை கொடுக்க மறுத்துச் சங்கடப்படும் சிரமத்தை அவனே அவர்களுக்கு மிச்சப்படுத்தினான். 

புதன்கிழமையும் போன் போட்டாள்.

"புதன்கிழமை ஆட்டம் இருக்குங்களா?"

"இல்ல... சும்மா, சரிபார்க்கலாம்னு..."

"என்னத்தை?"

"நம்பர் வேலை செய்யுதான்னு!"

"செய்யுதுங்க," என்றான் அவன், பவ்யமாக. "வியாழக்கிழமையும் செய்யும்னு நினைக்கிறேன்."

வியாழனும் செய்தது. வெள்ளியும்.

இரண்டாவது சனிக்கிழமை அவன் ஆறாவது ஆளையும் தோற்கடித்தபோது மாலை நாலு மணி. வெளியே கொட்டுகொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. ஞாயிறு நான்கு மணிக்குக் கீழ்ப்பக்க அரையிறுதி. அவள் எழுந்து போய் அவன் முன்னால் கையை நீட்டினாள். அவன் அந்தக் கையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பாக்கெட்டிலிருந்து தன் கையை எடுக்க அவனுக்கு இத்தனை நேரமா ஆக வேண்டும்! எடுத்தான். விரல்கள் சில்லென்றிருந்தன. உலகத்தில் இதைவிடப் பத்திரமான இடம் தன் கைக்கு இல்லை என்று அவளுக்கு அந்தக் கணத்தில் தோன்றியது... தோன்றிய வேகத்தில் பயமாகவும் இருந்தது.

"அவன் இங்க என்ன பண்றான்?"

அண்ணன். படியில் வழுக்கிக் கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு பத்து நாளாக வீட்டில் கிடந்தவன், அன்றுதான் ஊன்றுகோலோடு மாடி ஏறியிருந்தான். முகம் வெளுத்திருந்தது. அவளை அலுவலக அறைக்குள் இழுக்காத குறையாக அழைத்துப் போனான்.

"மூணு பேர் வீட்டுக்கே போன் பண்ணிட்டாங்க. அவனோட ஆட மாட்டாங்களாம். நானும் ஏதோ புலம்பறாங்கன்னு விட்டேன். இவன்னு தெரியாம போச்சே!"

"அதனால என்னண்ணா? அவரும் வேலைதானே பார்க்கறாரு."

"உனக்கு ஞாபகமே இல்லையா?" அண்ணனின் குரல் உடைந்தது. "அம்மாவை ஏத்திக்கிட்டு வந்தது அவன் வண்டிதான்."

அவளுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அன்றைய தினத்தில் அவளுக்கு மிஞ்சியிருந்தது ஒரு வெள்ளைத் துணியின் ஓரமும், அதன் கீழே தெரிந்த அம்மாவின் குதிகாலும்தான். ஓட்டியவன் முகம் யாருக்கு வேண்டியிருந்தது? ஆனால் அவனுக்குத் தெரியும். முதல் நாள் வாசலில் நின்று பார்த்தானே, அப்போதே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் பென்சில்ல போடுங்க என்றான். தெரிந்துகொண்டேதான் எல்லாரும் உயிரோடு இருக்காங்க என்று சிரிக்க வைத்தான்... சீ!

விடுவிடுவென்று வெளியே வந்தாள். அவன் கியூக் கோலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எங்க அம்மாவை உங்களுக்குத் தெரியுமா?"

அவன் கை நின்றது. "தெரியும்."

"என்னையும்?"

"ம்..."

"பாவம், அம்மா செத்துப்போன பொண்ணுன்னு பரிதாபப்பட்டுத்தான் இத்தனை நாள் பேசினீங்களா? இல்ல, அன்னிக்கு அழுதவளை இன்னிக்கு எப்படிச் சிரிக்க வைக்கறதுன்னு வேடிக்கை பார்த்தீங்களா?"

நான்கு மேஜைகளிலும் பந்துச் சத்தம் நின்றுவிட்டது.  அவன் கியூவைச் சுவர்ச் சட்டத்தில் செருகினான்.

"என் பேரை அழிச்சிடுங்க," என்றான். படியிறங்கி மழையில் போய்விட்டான்.

ஞாயிறு நான்கு மணி. மூன்றாம் மேஜையில் பந்துகளை அடுக்கி வைத்துவிட்டு ஸ்டாப்வாட்சை அழுத்தினாள். பேரை அவள் அழித்திருக்கவில்லை. போனும் போடவில்லை. கூப்பிட்டால் வந்துவிடுவானோ என்ற பயம் பாதி, வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம் பாதி. எதிராளி வெற்றுக் குழிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடம் ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று.

பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அண்ணன் முணுமுணுத்தான். "அவனுக்கு நேரம்னா என்னன்னு அன்னிக்கே தெரியாது. ஆஸ்பத்திரியில இருந்து நம்ம வீடு இருபது நிமிஷம். ஒண்ணேகால் மணி நேரம் ஆக்கினான்! வீட்டு வாசல்ல அத்தனை பேரும் காத்துக்கிட்டு நிக்கறாங்க, இவன் ஊர்ந்துக்கிட்டு வரான். பின்னாடி வர்ற வண்டியெல்லாம் ஹாரன் அடிச்சு, திட்டி... பின்னாலயே பைக்ல வந்த நான் இறங்கிப் போய்ச் சட்டையைப் பிடிச்சிட்டேன். ஒரு வார்த்தை பேசலையே அவன்!"

அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏண்ணா அவ்வளவு மெதுவா வந்தாரு?"

"யாருக்குத் தெரியும்?"

அவளுக்குத் தெரிந்தது. எட்டு மாதமாக எங்கேயோ அடைந்து கிடந்தது, அப்படியே பொங்கிக்கொண்டு மேலே வந்தது. அம்மாவுக்கு வண்டிப் பயணம் ஒத்துக்கொள்ளாது. பஸ்ஸில் ஏறினால் நாலாவது நிறுத்தத்தில் தலை சுற்றும், வாந்தி வரும். அன்றைக்கு வண்டி கிளம்பிய உடனே, பின்னாலிருந்து ஓட்டுநரின் முதுகைத் தட்டி அவள்தான் சொன்னாள். 'அண்ணே, மெதுவாப் போங்க. குலுங்கினா அம்மாவுக்கு ஆகாது.'

செத்துப்போனவளுக்கு என்ன ஆகாது? வேறு யாராக இருந்தாலும் பைத்தியம் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்திருப்பார்கள். அவன் சரி என்று தலையாட்டியதும், ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியை நிறுத்தி நிறுத்தி இறக்கியதும் இப்போது நினைவுக்கு வந்தன. அத்தனை பேரின் ஏச்சையும் வாங்கிக்கொண்டு, அவள் சொன்னதை அவள் அண்ணனிடம்கூடக் காட்டிக் கொடுக்காமல் இருந்திருக்கிறான்.

பதினைந்து முடிந்தது. அவள் எழுந்தாள். அவன் பேருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதினாள். மற்றவர்களுக்கு ஒரு விதி வைத்தவள், அவனுக்கு மட்டும் அதை மாற்ற முடியாது. எழுதி முடித்துப் பேனாவை அண்ணன் கையில் கொடுத்தாள்.

"மிச்ச ஆட்டத்தை நீயே நடத்திடுண்ணா."

"எங்க போற?"

"மெதுவாப் போகச் சொன்னது நான்தாண்ணா. அம்மாவுக்குத் தலை சுத்தும்னு."

அண்ணனின் முகம் கோணியது. குழந்தை மாதிரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, பேனாவை இறுகப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டான். போகாதே என்று சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியின் பின்வாசலில் அந்த வண்டி நின்றிருந்தது. பின்கதவைத் திறந்துபோட்டு, தரையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான் அவன். குடை இல்லாமல் வந்து நின்றவளைப் பார்த்ததும் துணி கையிலிருந்து நழுவியது.

"ஆட்டம்...?"

"தோத்துட்டீங்க. நானே எழுதிட்டேன்."

"நல்லது."

"ஏன் சொல்லல?" மழைச் சத்தத்தில் அவள் குரல் கத்தலாகத்தான் வந்தது. "நான் சொன்னதாலதான் மெதுவா ஓட்டினேன்னு எங்க அண்ணன்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? நேத்து என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உங்க அம்மாவுக்கும் உங்களுக்கும் நடுவுல உள்ளதுங்க அது. நான் எடுத்துப் பேசலாமா?"

அவன் வண்டியின் பின்படியில் உட்கார்ந்தான். 

"தினமும் எத்தனையோ பேர் வராங்க. எல்லாருக்கும் சீக்கிரம் போகணும். சீக்கிரம் முடியணும். நீங்க ஒருத்தர்தான் மெதுவாப் போகச் சொன்னீங்க. கண்ணாடியில பார்த்தேன்... அழுதுகிட்டே அவங்க தலை ஆடாம ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தீங்க. அந்தக் கண்ணை என்னால மறக்க முடியல. தாயைப் பறிகொடுத்த இடத்துல ஒரு பொண்ணைப் பிடிச்சுப்போறது எவ்வளவு பெரிய பாவம்னு எனக்குத் தெரியாதா? அதனால தேடக்கூட இல்ல. ஹால் வாசல்ல ஸ்டாப்வாட்சோட நீங்க நிப்பீங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க."

"தெரிஞ்சப்புறம் சொல்லியிருக்கலாமே..."

"சொன்னா, என் முகத்தைப் பார்க்கறப்ப எல்லாம் உங்களுக்கு அம்மா ஞாபகம் வருமே."

 எட்டு மாதமாக அம்மாவை நினைக்காமல் இருக்க அவள் படாத பாடு பட்டிருந்தாள். இப்போது இவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கையில், அம்மா வந்தாள்தான். குதிகாலும் வெள்ளைத் துணியுமாக இல்லை. பஸ் ஜன்னலில் தலை சாய்த்து, புளிப்பு மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு, எப்போதடி இறங்குவோம் என்று கேட்கிற அம்மா.

"வரட்டும்," என்றாள் அழுதுகொண்டே. "எனக்கு அவங்க ஞாபகம் வரணும். உங்களைப் பார்த்தா வருது. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... ரொம்பப் பிடிச்சிருக்கு. போதுமா?"

அவன் எழுந்து நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பாக்கெட்டில் போன் அடித்தது. எடுத்துக் கேட்டான், சரி என்றான், வைத்தான். முகம் மறுபடி வேலை முகமாகிவிட்டது.

"போகணும். மூணாவது மாடி. வயசான அம்மா ஒருத்தங்க."

"கூட யாரு?"

"யாரும் இல்லையாம். பையன் வெளியூராம், நாளைக்குத்தான் வருவானாம். அதுவரைக்கும் பெரிய ஆஸ்பத்திரிப் பிணவறைக்குக் கொண்டுபோய் விடணும்." கொஞ்சம் தயங்கி, "நீங்க வீட்டுக்குப் போங்க. நனையாதீங்க," என்றான்.

அவள் போகவில்லை. கீழே கிடந்த துணியை எடுத்துப் பிழிந்தாள். வண்டிக்குள் ஏறி, அவன் துடைக்காமல் விட்ட மூலையைத் துடைத்தாள். பிறகு பக்கவாட்டுப் பலகையில் உட்கார்ந்தாள். எட்டு மாதத்துக்கு முன் உட்கார்ந்த அதே பலகை.  

"நீங்க போய் அவங்களைக் கூட்டிட்டு வாங்க," என்றாள். "நான் கூட இருக்கேன்."