நீலக் கீறல்

போன் அலறியது.

ருக்கு எடுத்தாள். பக்கத்து பிளாக் தமிழ்செல்வி.

"ருக்கு... நம்ம நர்ஸ் வினோலியா போயிட்டாங்க. நேத்து சாயந்திரம் மலை மந்திர் திருப்பத்துல ஏதோ கார் ஸ்கூட்டிய இடிச்சுட்டு நிக்காமப் போயிடுச்சாம். எல்லாரும் ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறோம்."

ருக்கு போனை வைத்தாள். அழவில்லை.

"ஏன்னா... நேத்து அந்தத் திருப்பத்துல நம்ம கார்ல ஏதோ உரசித்து. பயத்துல நிக்காம வந்துட்டேன்."

கணவன் கல்யாணராமன் டெல்லியில் மத்திய அரசு செக்‌ஷன் ஆபீசர். நேர்மையானவர் என்று பெயர்.

மாடிப்படிகளில் விழுந்தடித்து இறங்கினார்.

வெள்ளைக் காரின் இடப்பக்கக் கதவில்... ஒரு முழ நீளத்துக்குக் கீறல். அதில் நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

"வினோலியா ஸ்கூட்டி என்ன கலர்?"

"கவனிச்சதில்லை."

"ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனா மாட்டிப்போம். நானே சரி பண்றேன்."

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"யூட்யூப் இருக்கு."

உப்புத்தாள், ப்ரைமர், வெள்ளை ஸ்ப்ரே பெயிண்ட், க்ளியர் கோட்... எல்லாம் வாங்கி வந்தார். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் வெறிச்சோடிக் கிடந்தது. கேட்க ஆள் இல்லை.

கதவைச் சோப்புப் போட்டுக் கழுவினார். உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தார்.

நீலம் கரைந்து வழிந்தது.

மெதுவாகத் தேய்க்கச் சொன்னது வீடியோ. அவர் கை கேட்கவில்லை. அடித்தகடு தெரிந்தது.

ருக்கு தண்ணீர் மக்குடன் நின்றாள்.

"போன மாசம் எனக்கு ஜுரம் வந்தப்போ அவதான் வந்து ஊசி போட்டா."

"பேசாதே. தண்ணிய ஊத்து."

ஊற்றினாள். நீலத் தண்ணீர் சாக்கடைக்குள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே எதுவுமே அசையவில்லை.

ப்ரைமர். காய்ந்ததும் பெயிண்ட். ஓரிடத்தில் அதிகமாகி வழிந்தது. துடைத்து மறுபடி அடித்தார். கடைசியில், மேலே பளபளப்புக்கு க்ளியர் கோட்.

கீறல் போன இடம் தெரியவில்லை.

கல்யாணராமன் இடுப்பை நிமிர்த்தியபோது, போலீஸ் ஜீப் வந்து நின்றது.

இறங்கியவர் இன்ஸ்பெக்டர் சந்திரசேகர். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்.

"நேத்து இந்தக் கார ஓட்டினது யாரு ஜி?"

கல்யாணராமன் வாயைத் திறப்பதற்குள் ருக்கு சொல்லிவிட்டாள்.

"நான்தான். வினோலியாவ இடிச்சதும் நான்தான்."

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

சந்திரசேகர் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"நீங்க இடிக்கல மேடம். கேமரால பார்த்துட்டோம். ஒரு நீலக் கார் ஸ்கூட்டிய இடிச்சுட்டு, உங்க கார ஒரசிட்டு ஓடியிருக்கு. ஸ்கூட்டி வெள்ளை கலர்."

கல்யாணராமனின் கையிலிருந்த ஸ்ப்ரே டப்பா நழுவியது.

"அந்தக் கார் நம்பர் விழல. உங்க நம்பர்தான் விழுந்திருக்கு. உங்க கதவுல ஒட்டின பெயிண்ட லேப்ல குடுத்தா என்ன கார்னு தெரிஞ்சிடும். எங்க கையில இருக்கற ஒரே எவிடன்ஸ் அதான்."

சந்திரசேகர் குனிந்து கதவைப் பார்த்தார். ஈரமாக மின்னியது. தரையில் உப்புத்தாள், நீலம் துளியும் இல்லாமல் வெளுத்துப் போய்க் கிடந்தது.

ருக்கு முதல்முறையாக அழத் தொடங்கினாள்.

"அச்சா..." என்றார் சந்திரசேகர், ஜீப் கதவைத் திறந்தபடி. "க்ளியர் கோட் காய நேரமாகும் சார். அதுவரைக்கும் ஸ்டேஷன்ல உக்காந்திருக்கலாம், வாங்க."