மூச்சுவிடும் குழாய்கள்

நான் செய்த வேலையைப் பார்க்க வேண்டும் என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். அன்று மதியம் அழைத்துப்போனேன்.

மூடிய சுரங்கத்தின் வாய்மேல், குன்றின் சரிவு போலவே ஏறி இறங்கும் எஃகுக் குழாய்கள். வடிவம் ஒரு சிற்பியுடையது, வெல்டிங் என்னுடையது.

அந்தக் குழாய்ச் சிற்பம் பாடும் விதம் எளிது. மழை நெருங்கினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். சுரங்கத்துக்குள் அடைபட்ட காற்று குழாய் வழியே வெளியேறி, புல்லாங்குழல் போல ஊதும். வானம் தெளிந்தால் திரும்ப உள்ளே போகும்.

அத்தானும் அதற்குள்தான் இருக்கிறார். கூரை சரிந்தபின் யாரையும் எடுக்க முடியவில்லை. வாயைக் கான்கிரீட்டால் அடைத்துவிட்டார்கள். அதில் போட்ட துளைகளில்தான் குழாய்கள் நிற்கின்றன.

மேகம் கறுத்தது. குழாய்கள் முனகின. ஈரக் கரி வாடை அடித்தது.

"உங்க அத்தான் குறட்டைக்கு இது தேவலைடா," என்று சிரித்தாள். அவள் சிரித்து வருஷங்கள் ஆகியிருந்தன.

டொக். டொக். டொக்.

"இரும்புக்கா. வெயில் போனதும் சுருங்குது, அதான் சத்தம்."

நான் சொன்னது அவள் காதில் விழவில்லை. சிக்கியவன் குழாயில் மூன்று முறை தட்டுவான். கேட்டவர் மூன்று முறை திருப்பித் தட்ட வேண்டும். 'வந்துகொண்டிருக்கிறோம்' என்று அர்த்தம். சுரங்கத்துக்காரர் வீடுகளில் குழந்தைக்கும் இது தெரியும்.

"வேணாம்க்கா."

நான் கையைப் பிடிப்பதற்குள் கல்யாண மோதிரத்தால் தட்டிவிட்டாள்.

டிங். டிங். டிங்.

முனகல் நின்றது.

மழை விழத் தொடங்கியது. காற்று வெளியே வர வேண்டிய நேரம். ஆனால் அவள் முந்தானை குழாயின் வாய்க்குள் மெல்ல இழுபட்டது.

"வர்றேன்னு சொல்லிட்டேனேடா," என்றாள் கிசுகிசுப்பாக. "இனி போகாம இருக்க முடியுமா?"

முந்தானையைப் பிடுங்கி, அவளை வீட்டுக்கு இழுத்துவந்தேன். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

விடிந்தபோது பூட்டு அப்படியே இருந்தது.

அக்கா இல்லை.

குன்றுக்கு ஓடினேன். கான்கிரீட்டில் கீறல்கூட இல்லை. குழாய்க்குள் என் கை மட்டும்தான் நுழையும். அதன் விளிம்பில் அவள் சேலை நூல் ஒட்டியிருந்தது.

அன்றே எல்லாக் குழாய்களையும் அடியோடு அறுத்து, துளைகளைத் தகடு வைத்து அடைத்தேன்.

இப்போது சத்தம் சமையலறைக் குழாயில் வருகிறது. தண்ணீர் இணைப்பைத் துண்டித்தாயிற்று. இரும்பு சுருங்க வெயிலும் இல்லை.

பழக்கதோஷத்தில் தட்டிவிடக் கூடாதென்று இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் டொக், மூன்று முறை.

பிறகு, பொறுமையாக,

டிங். டிங். டிங்.