நஞ்சம்மாள் தோட்டத்துப் பத்திரம்

தாசில்தார் விசாரணைக்குச் சரியாக ஐம்பது மணி நேரம் இருந்தது. 1994, ஜூன். சனிக்கிழமை காலை 8.00. ரங்கம்மாள் தேக்கு பீரோவைத் திறந்தார். பத்திரம் இல்லை.

கோவையில் கணபதிக்கு அப்பால் இருந்த அந்தக் குடியிருப்புக்கே அவர் மாமியாரின் பெயர்தான்: நஞ்சம்மாள் தோட்டம். வீடு எழும்பாமல் மிஞ்சிய இரண்டு ஏக்கருக்குப் பட்டா கேட்டிருந்தார். 1934-ஆம் வருடக் கிரயப் பத்திரம் ஒன்றுதான் ஆதாரம்.

8.40. சப்-இன்ஸ்பெக்டர் சாமியாத்தாள் வந்தார். முந்தின நாள் பீரோவுக்குக் கீல் மாட்டிய உக்கடத்துத் தச்சர் அப்துல் வஹீதைத் தெருக்காரர்கள் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். மறுநாள் அவர் மகள் நிதாவுக்கு நிக்காஹ்.

“கீலைத்தான் தொட்டேன், மேடம். உள்ள கை வெக்கலீங்க.”

“அப்பப் பூனை தின்னுபோட்டுதா?” என்றார் ரங்கம்மாள்.

பூட்டில் கீறல் இல்லை.

“சாவி?”

“என் இடுப்புலதானுங்க அம்மணி. காப்பி எடுக்கப் போனப்ப மட்டும் பீரோ திறந்து கெடந்துச்சு.”

“பத்திரத்துல என்ன எழுதியிருந்துச்சு?”

ரங்கம்மாள் ஒரு நோட்டை நீட்டினார். எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதியதாம். ‘நஞ்சம்மாள் தோட்டம் என வழங்கும் பூமி’ என்று தொடங்கியது.

சாமியாத்தாள் ஜன்னல் வழியே பார்த்தார். “கெணறு ரொம்பப் பழசுங்களா?”

“எங்க மாமனார் அம்பத்தொண்ணுல வெட்டுனது. அதுக்கு முந்தி சொட்டுத் தண்ணி கெடையாது. மழை பெஞ்சாத்தான் சோளம்.” குரலில் பெருமை.

சாமியாத்தாள் நோட்டை மறுபடி படித்தார்.

“ஏனுங்க, எங்க ஊடு காரமடைப் பக்கம். கெணறு இல்லாத பூமியை எங்கய்யன் காடும்பாரு. தண்ணி பாஞ்சாத்தான் தோட்டம். உங்க பத்திரத்துல மட்டும் கெணத்துக்குப் பதினேழு வருசம் முந்தியே எப்படித் தோட்டம் வந்துச்சு?”

சாமியாத்தாள் நோட்டை மூடினார்.

“எதுவும் திருட்டுப் போகலீங்க. அப்படியொரு பத்திரமே இல்லை. திங்கக்கிழமை தாசில்தார் கேட்டாச் சொல்ல ஒரு திருடன் வேணும். சரி. கணபதியில இத்தனை பட்டறை இருக்கறப்ப, உக்கடத்துல இருந்து இவரை எதுக்கு வரவெச்சீங்க?”

ரங்கம்மாள் பீரோவைச் சாத்தினார்.

“இவரு திருடன்னு ஆயிட்டா, நாளைக்குப் பாத்தியதைன்னு வந்தாலும் ஒருத்தரும் நம்பமாட்டாங்கன்னு…”

“எதுல பாத்தியதை?”

ரங்கம்மாள் முதல்முறையாக வஹீதின் முகத்தைப் பார்த்தார்.

“இந்தக் காடு இவரு தாத்தாவோடதுங்க. எங்க மாமியா இதுக்குக் காவல் இருந்தவங்க.”