இன்னும் இரண்டு மேடு

தூங்குமூஞ்சிக்கு அந்தப் பட்டப்பெயர் வகுப்பில் கிடைத்தது. காலை ஐந்து மணிக்கே எழுந்து, தம்பியைக் குளிப்பாட்டி, தலை வாரி, பள்ளிக்கு இழுத்து வருகிறவள் மூன்றாவது பாடவேளையில் கொட்டாவி விடாமல் வேறு என்ன செய்வாள்?

அன்றைக்கும் விட்டாள். பக்கத்தில் இருந்த ஸ்பீக்கர் பெஞ்சைத் தட்டினான். அவன் ரகசியம் சொன்னாலும் ஊருக்கே கேட்கும். அதனால் அவனுக்கு அந்தப் பெயர்.

"ஏய், முழிச்சுக்கோ! நாளைக்கு நம்ம குழு கவிதையைப் படிச்சு விளக்கணும். நல்லா செய்யற குழுதான் வெள்ளிக்கிழமை மொத்த பள்ளிக்கூடத்து முன்னாடியும் படிக்கும். போன தடவையும் நாமதான் கடைசி, அதுக்கு முந்தின தடவையும் கடைசி!"

குழுவில் மூன்று பேர். ஒருவன் காய்ச்சலில் படுத்துவிட்டதால், மிச்சம் இவர்கள் இரண்டு பேர்தான்.

புத்தகத்தில் கவிதை இப்படி இருந்தது:

இன்னும் இரண்டு மேடு, அப்புறம் என் நாடு.
மூட்டையில் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது.
காலணியைக் கழற்றவில்லை;
கழற்றினால் கால் என் பேச்சைக் கேட்காது.
அதோ, ஒரு விளக்கு.
வருகிறேன் என்று சொல்லுங்கள்.
மெதுவாக வருகிறேன் என்று சொல்லுங்கள்.

அதற்குக் கீழே மூன்று கேள்விகள். கவிதை காட்டும் காட்சி எது? அதில் உள்ள உணர்வு என்ன? கருப்பொருள் என்ன?

"ஒண்ணும் கஷ்டமில்ல," என்று ஸ்பீக்கர் கடையில் வாங்கிய நோட்ஸைப் பிரித்தான். "ஒரு போர்வீரன் பாடறதாம். உணர்வு, பெருமிதம். கருப்பொருள், நாட்டுப்பற்று. மேடுன்னா நாட்டோட இயற்கை வளமாம். நீ இதை மனப்பாடம் பண்ணிடு. நான் கவிதையைப் படிச்சு அதிர வைக்கறேன்."

"அவர் ஏன் காலணியைக் கழட்டல?"

"வீரன் எதுக்குக் கழட்டறான்?" என்று அவன் நோட்ஸை மூடிவிட்டான்.

சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வந்தாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றுகொண்டே படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுவது அவள் வேலை. வந்தவள் வாசல் பக்கத்து நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

"ஷூவைக் கழட்டலையாம்மா?"

"கழட்டினா அப்புறம் எழுந்திருக்கவே மாட்டேன் கண்ணு. கடைக்கு வேற போகணும். ரெண்டு நிமிஷம் இரு."

கையில் புத்தகத்தோடு நின்ற தூங்குமூஞ்சிக்குச் சுருக்கென்றது. கவிதையை எடுத்து மெதுவாகப் படித்துக் காட்டினாள்.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. "ஐயோ பாவம்," என்றாள். "எவ்வளவு தூரத்திலேர்ந்து நடந்து வரானோ!"

நோட்ஸில் யாரும் அவனைப் பார்த்து ஐயோ பாவம் என்று சொல்லியிருக்கவில்லை. தூங்குமூஞ்சி குனிந்து அம்மாவின் ஷூவைக் கழற்றினாள். கால் வீங்கி, கயிறு அழுத்திய தடம் வரிவரியாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீ எழுந்திருக்காத. கடைக்கு நான் போறேன்."

மறுநாள் காலையில் ஸ்பீக்கர் பள்ளி வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "மனப்பாடம் ஆச்சா?"

"இல்ல. நோட்ஸ்ல போட்டிருக்கறது தப்பு."

"அச்சடிச்ச புத்தகம் தப்பா?"

"பெருமிதம் எந்த வரியில இருக்கு? காட்டு."

ஸ்பீக்கர் தேடினான். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை போனான், திரும்பி வந்தான். பெருமிதம் எங்கேயும் அகப்படவில்லை.

"அவர் அலுத்துப் போயிருக்கார்," என்றாள் தூங்குமூஞ்சி.

"அப்படின்னா நீயே படி." அவன் முகம் தொங்கிப்போயிற்று. "எனக்கு அலுப்பா எல்லாம் படிக்க வராது. வாயைத் திறந்தாலே முழக்கம்தான் வருது."

அவளே படித்திருக்கலாம். அலுப்புக்கு அவளிடம் பஞ்சமே இல்லை. ஆனால் இரண்டு வாரமாக அவன் இதற்குத்தானே தவம் கிடந்தான்!

"நீதான் படிக்கணும். இடைவேளையில என்கூட வா."

இடைவேளையில் இரண்டு பைகளையும் அவன் முதுகில் ஏற்றினாள். அவர்கள் வகுப்பு மூன்றாவது மாடியில் இருந்தது. "நாலு தடவை ஏறி இறங்கு. உட்காரக் கூடாது," என்று சொல்லிவிட்டு மேல்படியில் போய் நின்றுகொண்டாள்.

"கொலைகாரி!" என்று கத்திக்கொண்டே முதல் தடவை ஏறினான். நாலாவது தடவை அவனிடமிருந்து சத்தமே வரவில்லை.

வகுப்பில் தமிழ் டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இடைவேளைக்கு முந்தைய பாடவேளையிலேயே ஐந்து குழுக்கள் அந்தக் கவிதையைக் கத்தித் தீர்த்திருந்தன. "அடுத்தது ஸ்பீக்கரா? தயவு பண்ணி மெதுவாப்பா," என்றார்.

ஸ்பீக்கர் பைகளை இறக்காமலே நின்றான். "இன்னும்... இரண்டு மேடு," என்று ஆரம்பித்தான். ஒவ்வொரு வரிக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. விளக்கு என்ற இடத்தில் தலையை நிமிர்த்திப் பார்த்தான். கடைசி வரி காதில் விழுந்ததே பெரிசு.

டீச்சர் கையை நெற்றியிலிருந்து எடுத்தார். "காட்சி எது?"

"கழட்டாத காலணி, டீச்சர்," என்றாள் தூங்குமூஞ்சி. "கழட்டினா அப்புறம் அவரால நடக்க முடியாது."

"உணர்வு?"

"அலுப்பு," என்றாள் தூங்குமூஞ்சி. யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

"கருப்பொருள்?"

தூங்குமூஞ்சி புத்தகத்தைப் பார்த்தாள். எவ்வளவு யோசித்தும் அந்த ஒரு விடை அவளுக்குக் கிடைக்கவே இல்லை. போச்சு, இந்தத் தடவையும் கடைசிதான்.

"டீச்சர்," என்றான் ஸ்பீக்கர், இரைக்க இரைக்க. "படி ஏறும்போது உட்காரலாம்னுதான் தோணிச்சு. ஆனா மேல இவ நின்னுட்டிருந்தா. அவருக்கும் அங்க யாரோ காத்திருக்காங்க. அதனாலதான் சொல்லச் சொல்றார். முடியலைன்னாலும் எங்க போய்ச் சேரணும்னு தோணுதோ, அதுதான் நாடு."

டீச்சர் தன் நாற்காலியை இழுத்து அவன் பக்கம் போட்டார்.

"முதல்ல பையை இறக்கி வச்சுட்டு உட்காரு. வெள்ளிக்கிழமை நீங்க ரெண்டு பேரும்தான் படிக்கறீங்க."

ஸ்பீக்கர் சந்தோஷத்தில் வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது. அதனால் அவனுக்கும் சேர்த்துத் தூங்குமூஞ்சியே "ஹேய்ய்!" என்று கத்தினாள்.