சொட்டுநீர் குடித்த வேர்

"மத்தியானத்துக்குள்ள உண்மையக் கண்டுபிடிச்சாகணும், மெர்ல்! இல்லன்னா எங்கண்ணன் புல்டோசரை வரச் சொல்லிடுவான்." வெர்னா நோவாக் கதவைக்கூடத் தட்டாமல் மெர்லின் வீட்டுக்குள் நுழைந்து, வேரோடு பிடுங்கிய ஒரு திராட்சைக் கொடிக் கட்டையை மேசைமேல் தொப்பென்று போட்டாள். மெர்லின் கணவர் கிளெம் ஆசையாக வெட்டி வைத்திருந்த ஸ்ட்ரூசல் கேக் முழுக்க மண்.

ஆஸ்திரேலியாவின் பரோசா மலைச்சரிவில் நோவாக் குடும்பத்துக் கொடிகள் நூற்று நாற்பது வருஷத்துப் பழசு. அவர்கள் மதுவுக்குப் பெயரே அதனால்தான். பக்கத்துத் தோட்டக்காரன் கேவின் ட்ரெசைஸ், "இது அவங்க மூணாவது வரிசையில நான் பிடுங்கினது. முப்பது வயசுகூட இல்ல. எல்லாமே பின்னாடி நட்டது" என்று, பழமையான தோட்டங்களைப் பட்டியலிடும் பழங்கொடிக் குழுவிடம் இந்தக் கட்டையைக் காட்டிவிட்டான். பட்டியலிலிருந்து பெயர் போனால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடுவேன் என்று அண்ணன் ரோல்ஃப் ஒற்றைக்காலில் நிற்கிறான்.

"கேவின் புளுகுறான்! மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே!" என்று கிளெம் துள்ளினார்.

"மூஞ்சியைக் குழு சாட்சியா எடுத்துக்காது, கிளெம்." முப்பது ஆண்டு திராட்சைக் கொடிகளை வெட்டிக் கவாத்து செய்த மெர்லின் கைகள் கட்டையைத் திருப்பின. வேர்கள் ஓரடி ஆழம்கூட இல்லை. ஒரே பக்கமாகச் சடைபோலச் சுருண்டிருந்தன. "வெர்னா, தண்ணி எப்படிப் பாய்ச்சுறீங்க?"

"நாங்களா? வானம் பாத்த பூமி. ஒரு குழாய்கூடக் கிடையாது."

மத்தியானம் சரிவில் குழுவினர், கேவின், ரோல்ஃப் என்று எல்லோரும் கூடினார்கள்.

"இதைப் பிடுங்க எவ்ளோ நேரமாச்சு, கேவின்?" என்று மெர்ல் கேட்டாள்.

"இருபதே நிமிஷம். நான் ஒருத்தனே!"

"பலே! அப்ப பக்கத்துல பட்டுப்போன கட்டை ஒண்ணு நிக்குதே, அதையும் எடுத்துக் காட்டு."

கேவின் ஒரு மணி நேரம் வெட்டினான். சட்டை நனைந்ததுதான் மிச்சம். வேர் பாறை வெடிப்புக்குள் நேரே இறங்கியிருந்தது. கட்டை இம்மியும் அசையவில்லை.

"தண்ணி ஊத்தாத கொடி, தண்ணியத் தேடிப் பாறைக்குள்ள எறங்கும். முப்பது வயசுக் கொடியும் எறங்கித்தான் ஆகணும்," என்றாள் மெர்ல். "நீ கொண்டுவந்தது உக்காந்த இடத்துலேயே சொட்டுநீர் குடிச்சு வளந்தது. குழாய் இருந்த பக்கமே சுருண்டிருக்கு. கொடி செத்து காலியா கெடந்த எடத்துல குழியத் தோண்டிட்டு, உன் கட்டையைத் தூக்கிட்டு வந்துட்ட. நோவாக் பேரு போனா, பட்டியல்ல அடுத்த பழைய தோட்டம் உன்னுது. இந்த மலையில சொட்டுநீர்க் குழாய் வேற யாருகிட்ட இருக்கு?"

வேலிக்கு அப்பால் கேவினின் கறுப்புக் குழாய்கள் வரிசையாக ஓடின. குழுத் தலைவர் அவன் கொடுத்த புகாரை நாலாகக் கிழித்தார்.

"அப்படிப் போடு!" என்று கிளெம் கத்தினார். வெர்னாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ரோல்ஃப் தங்கையின் முகத்தைப் பார்க்க முடியாமல் தொண்டையைக் கனைத்தான். "கவாத்தை என்னிக்கு ஆரம்பிக்கலாம்?"

"இப்பவே!" என்றாள் வெர்னா.