சடுகுடுவா, செடுகுடுவா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து அம்சவேணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைக்கும் தெருமுனைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

"ஒரு எடமா குந்தேன்" என்றார் அவளுடைய நைனா கன்னையா.

அவராலும் உட்கார முடியவில்லை. துடைத்த சோடா பாட்டில்களையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

நாராயணவனத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் அது. அங்கே சடுகுடு மைதானத்தை ஒட்டித்தான் கன்னையாவின் சோடாக் கடை. ஊரில் ஒரு சடுகுடு சங்கம் இருந்தது. ஞாயிறுதோறும் ஆட்டம் நடக்கும். பார்க்கச் சுற்றுவட்டாரமே வரும். வந்தவர்களுக்குத் தாகம் எடுக்கும், பசி எடுக்கும், சைக்கிள் பஞ்சராகும். கன்னையாவின் சோடாவும் ரத்னம்மா அக்காவின் போண்டாவும் தீர்ந்துபோகும். வேதாச்சலத்தின் சைக்கிள் கடையில் பம்பு ஓயாது.

இதெல்லாம் போன மாதம் வரைக்கும்தான்.

ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருடங்கள் ஆகியும் எல்லைப் பேச்சு முடியவில்லை. இந்த ஊர் ஆந்திராவிலேயே இருக்குமா, சென்னை மாநிலத்துக்குப் போகுமா? டீக்கடையிலும் பஸ்ஸிலும் இதே வாக்குவாதம். ஒருநாள் அது மைதானத்துக்குள்ளும் நுழைந்தது.

சங்கத்தின் பெரிய ஆட்டக்காரர்கள் சிவசங்கரனும் சுப்பராயுலுவும். பாடிப் போகும்போது சிவசங்கரன் "சடுகுடு, சடுகுடு" என்பார். தெலுங்கு பேசும் சுப்பராயுலு "செடுகுடு, செடுகுடு" என்பார். பல வருடமாக அப்படித்தான். யாரும் அதைக் கவனித்ததுகூட இல்லை. அன்றைக்கு டீக்கடையில் சண்டை போட்டுவிட்டு வந்த சிவசங்கரன், "இங்க சடுகுடுன்னுதான் பாடணும்" என்று சொல்லிவிட்டார்.

"அப்படின்னா நீயே பாடிக்கோ" என்று சுப்பராயுலு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பாதி ஆட்டக்காரர்கள் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள். அதோடு ஆட்டம் நின்றது. கூட்டமும் நின்றது.

"இப்படியே போச்சுன்னா கடையை மூடிட்டு மெட்ராஸுக்கு மில் வேலைக்குப் போவ வேண்டியதுதான்" என்று நைனா நேற்று சொன்னார்.

"அப்போ நாங்க?" என்று அம்சவேணி கேட்டாள்.

வெயில் சாயும் நேரத்தில் வரிசையாகச் சைக்கிள்கள் வந்து நின்றன. கார்வேட்டிநகரம் அணி! இந்த ஆட்டத்துக்கு எப்போதோ நாள் குறித்தாயிற்று. 'வராதீர்கள்' என்று சுப்பராயுலு பக்கத்தார் சொல்லிவிடுவார்கள் என சிவசங்கரன் பக்கத்தாரும், சிவசங்கரன் பக்கத்தார் சொல்லிவிடுவார்கள் என சுப்பராயுலு பக்கத்தாரும் இருந்துவிட்டார்கள்.

"ஆட்டம் எப்போங்க?" என்று கேட்டார் அந்த அணியின் தலைவர் ஜெயச்சந்திரன்.

கன்னையா தலையைச் சொறிந்தார். மைதானத்தின் இந்தப் பக்கத்துப் புங்க மரத்தடியில் சிவசங்கரன் தன் ஆட்களோடு நின்றார். அந்தப் பக்கத்து மேட்டில் சுப்பராயுலு தன் ஆட்களோடு நின்றார். வேடிக்கை பார்க்க வந்தார்களே தவிர, யாரும் கோட்டுக்குள் கால் வைக்கவில்லை.

ஜெயச்சந்திரனுக்கு விஷயம் புரிந்தது. "சரி, திரும்பிடலாம்" என்றார்.

இவ்வளவு தூரம் மிதித்து வந்தவர்களை வெறுமனே அனுப்புவதா? அம்சவேணி மைதானத்தைக் கடந்து மேட்டுக்கு ஓடினாள். சுப்பராயுலுவின் மகள் யசோதா அவளுடைய வகுப்புத் தோழி.

"யசோதா, வா."

"எதுக்கு?"

"ஆடறதுக்கு."

இரண்டு பக்கத்திலும் நின்ற மற்றச் சிறுமிகளும் ஓடிவந்து சேர்ந்துகொள்ள, பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு எல்லாரும் அணிவகுத்தார்கள்.

"எங்க ஊர் அணி இதுதான்" என்றாள் அம்சவேணி.

ஜெயச்சந்திரனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். தன் அணியில் சின்னவர்களை இறக்கிவிட்டு, தானே நடுவராக நின்றார்.

அம்சவேணி "சடுகுடு, சடுகுடு" என்று போனாள். சிரித்துக்கொண்டு நின்ற ஒருவன் முட்டியைத் தொட்டுவிட்டு ஓடிவந்தாள். அவன் சிரிப்பு நின்றது.

அடுத்து யசோதா "செடுகுடு, செடுகுடு" என்று போனாள். அவளை இரண்டு பேர் பிடித்துவிட்டார்கள். விழுந்தும் அவள் பாட்டு நிற்கவில்லை. புழுதியில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தாள்.

"மூச்சை விடாதே!" என்று மேட்டிலிருந்து சுப்பராயுலு கத்தினார்.

"கையை நீட்டு கண்ணு, கோடு அங்கதான் கீது!" என்று மரத்தடியிலிருந்து சிவசங்கரன் கத்தினார்.

யசோதாவின் விரல் கோட்டைத் தொட்டது.

கூட்டத்தில் ஒருவர், "அவ செடுகுடுன்னு பாடினாளே, செல்லுமா?" என்றார்.

ஜெயச்சந்திரன் அம்சவேணியைப் பார்த்தார். "உங்க ஊர் வழக்கம் என்னம்மா?"

"மூச்சு விடாம பாடணும், அவ்ளோதான். அவ மூச்சு விடல" என்றாள் அவள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

சிவசங்கரன் சட்டையைக் கழற்றிக்கொண்டு கோட்டுக்குள் வந்தார். "சுப்பராயுலு, வரியா? நான் அன்னிக்குச் சொன்னது தப்பு."

"தப்புதான்" என்றபடி சுப்பராயுலு இறங்கி வந்தார். "முதல்ல நான்தான் போவேன். என் வாய்க்கு வந்தபடிதான் பாடுவேன்."

"பாடு. பிடிபடாம வந்து சேரு."

ஆட்டம் நடக்கிறதாம் என்ற சேதி பக்கத்து ஊர்களுக்கும் எட்டியது. சனம் திரண்டது. ரத்னம்மா அக்கா இரண்டாவது முறையாக மாவு கரைத்தார். கன்னையாவுக்கு சோடா உடைத்து உடைத்துக் கட்டைவிரல் வீங்கிவிட்டது.

கடைசியில் நம்ம ஊர்தான் தோற்றது. ஒரு மாதம் ஆடாத உடம்பு வேறென்ன செய்யும்?

கூட்டம் கலைந்ததும் அம்சவேணி மெல்லக் கேட்டாள். "நைனா, மெட்ராஸுக்கு எப்போ போற?"

"எங்க நேரம் கீது? காலி பாட்டில் எல்லாத்தையும் ரொப்பியாவணும். அடுத்த ஞாயிறு ஆட்டம் இருக்குதில்ல?"

அடுத்த ஞாயிறு பெரியவர்களின் ஆட்டம் தாமதமாகத்தான் தொடங்கியது. சிறுமிகள் ஆடி முடிக்கும்வரை அவர்கள் கோட்டுக்கு வெளியே காத்திருக்க வேண்டியதாயிற்று.