மூன்றாவது வரி

அந்த ஆஸ்பத்திரியின் மாடியில் எனக்கு ஒதுக்கிய அறை, பழைய எக்ஸ்ரே படங்களை அடுக்கிவைத்த அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வேலை செய்யாத ஒரு ஜன்னல். ஜன்னல் எப்படி வேலை செய்யாமல் போகும் என்று கேட்காதீர்கள். திறக்கவும் வராது, மூடவும் வராது, விரல் நுழையும் இடுக்கோடு அப்படியே நின்றுவிட்டது. காலை வெயில் அந்த இடுக்கு வழியாகத்தான் உள்ளே வந்தது. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, டீ குடிக்கிற நேரத்துக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

வேலை இதுதான். ஆஸ்பத்திரி புதுக் கம்ப்யூட்டருக்கு மாறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு சின்னத் திரை மாட்டியிருந்தார்கள். நோயாளியின் பெயர், வயது, கொடுக்கவேண்டிய மருந்து எல்லாம் முந்தின நாளே பழைய சர்வரிலிருந்து சரியாக வந்து சேர்ந்துவிட்டன. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று: யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு. அதை எடுத்துவந்து அந்தந்தத் திரையில் சிவப்பு எழுத்தில் போடும் பேக்கேஜ் மட்டும் காலையிலிருந்து அடம்பிடித்தது. ஓரிடத்துத் தரவை எடுத்து இன்னோரிடத்தில் சேர்க்கும் வேலைகளை ஒன்றாகக் கட்டிய மூட்டைக்குத்தான் பேக்கேஜ் என்று பெயர். எவனோ இரண்டு வருஷத்துக்கு முன்னால் கட்டிய மூட்டையைத் தூசி தட்டி என் தலையில் வைத்திருந்தார்கள்.

யார் தலையில் வைத்தாலும் அன்றைக்கு நான் வாங்கித்தான் இருப்பேன். கீழே நாலாம் வார்டில், ஏழாம் கட்டிலில், என் அக்கா படுத்திருந்தாள். பித்தப்பையில் கல், மறுநாள் காலை ஆபரேஷன். ஆபரேஷனுக்குப் போகிற எல்லோருக்கும் சாயங்காலம் ஓர் ஊசி உண்டு. திரையில் சிவப்பு எழுத்து இருந்தால் மட்டும் மாற்று மருந்து போடுவார்கள். அந்த ஊசி அக்காவுக்கு ஆகவே ஆகாது. சின்ன வயதில் ஒரு தடவை போட்டு, தொண்டை வீங்கி, மூச்சு உள்ளே போகாமல் அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சேர்க்கும்போதே சொன்னோம், எழுதியும் கொண்டார்கள். எழுதினது பழைய சர்வரில் இருந்தது, திரைக்கு இன்னும் வரவில்லை.

பேக்கேஜை ஓட்டினேன். சிவப்பு. ஓடாமல் நின்றுவிட்டது என்று அர்த்தம். பாராமீட்டர் பொருத்தத்தில் பிழை என்றது.

சரி, தெரிந்த வியாதிதான். சர்வரிடம் கேட்கிற கேள்வியில், ஓடும்போது நிரப்பவேண்டிய பாராமீட்டர் இடங்களில் கேள்விக்குறி வைப்போம். இதில் இரண்டு. ஒன்று வார்டு எண்ணுக்கு, மற்றது கட்டில் எண்ணுக்கு. எந்த மதிப்பு எந்தக் கேள்விக்குறிக்கு என்று பக்கத்தில் ஒரு குட்டி அட்டவணையில் சொல்லவேண்டும். இந்த வகை இணைப்புக்குப் பெயரெல்லாம் தெரியாது, வரிசைதான் தெரியும். முதல் வரி முதல் கேள்விக்குறிக்கு, அடுத்த வரி அடுத்ததற்கு. இரண்டு கேள்விக்குறி என்றால் இரண்டு வரி.

அட்டவணையில் மூன்று வரிகள் இருந்தன.

மூன்றாவதற்குப் பெயர் இல்லை. பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. மதிப்பு மட்டும் இருந்தது, ஒரு நோயாளி எண். சோதனைக்காகப் போட்டுவிட்டு எடுக்க மறந்திருக்கிறான் மகாராசன் என்று திட்டிக்கொண்டே அதை அழித்தேன். சேமித்தேன். ஓட்டினேன்.

சிவப்பு. திறந்து பார்த்தால் மூன்றாவது வரி அங்கேயே இருந்தது.

மறுபடி அழித்தேன், மறுபடி வந்தது. மூடித் திறந்தேன், லேப்டாப்பை அணைத்துப் போட்டேன், வேறு யாராவது இதே பேக்கேஜைத் திறந்து வைத்திருக்கிறார்களா என்று ஆபீசில் கேட்டேன். யாரும் இல்லை. எனக்குத் தலை சூடேறியது. வாழ்க்கையில் எனக்குப் பிடிக்காதது இரண்டு. ஒன்று, சொன்னால் கேட்காத மனிதர்கள். மற்றது, சொன்னால் கேட்காத மிஷின்கள். மனிதர்களையாவது நாலு வார்த்தை கேட்கலாம்.

போன் அடித்தது. எங்கள் மேலாளர். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'அவசரம்'.

"முடிஞ்சுதா?"

"ஒரு வரி அழிய மாட்டேங்குது சார்."

"ஒரு வரியா? ஒரே ஒரு வரிக்கா இவ்ளோ நேரம்?"

"அழிச்சா திரும்ப வருது."

"திரும்ப வந்தா திரும்ப அழிங்க. சாயங்கால ரவுண்டுக்கு முன்னாடி ஸ்க்ரீன்ல வந்தாகணும். ரொம்ப அவசரம்."

வைத்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை அழித்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

ஒரு மூச்சு.

இழுக்க முயன்று, பாதியில் சிக்கி, விசில் போலச் சன்னமாகி நின்றுபோன மூச்சு. ஜன்னல் இடுக்கில் காற்று அடிக்கிறது என்று நினைத்தேன். எழுந்து போய் உள்ளங்கையை அங்கே வைத்துப் பார்த்தேன். காற்றே இல்லை. வெளியே மரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை. அறையில் மட்டும் ஸ்பிரிட் வாசனை, ஊசி போடும் முன் தோலில் தடவுகிற அந்தக் குளிர்ந்த வாசனை, கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். மூன்றாவது வரி இருந்தது. நான் இன்னும் ஓட்டவே இல்லை.

அழித்தேன். மூச்சு.

அழித்தேன். மூச்சு. இந்தத் தடவை எதிர் நாற்காலிப் பக்கமிருந்து.

பயமாக இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் பயத்தைவிட எரிச்சல் பெரிதாக இருந்தது. கீழே அக்கா இருக்கிறாள், மேலே அவசரம் இருக்கிறார், நடுவில் ஒரு வரி என்னோடு கண்ணாமூச்சி ஆடுகிறது. "என்னதான் வேணும்?" என்று நாற்காலியைப் பார்த்து வாய்விட்டே கேட்டேன். காலி நாற்காலியிடம் சண்டை போடுகிற நிலைக்கு வந்தாயிற்று.

நாற்காலி ஒரு முறை முனகியது. யாரோ முன்னால் சாய்ந்து உட்கார்ந்தது மாதிரி.

போதும் என்று முடிவெடுத்தேன். பழைய பேக்கேஜை மூடித் தூக்கிப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றைக் கட்டினேன். கேள்வியைப் பழையதிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டினேன். அட்டவணையை மட்டும் என் கையால் நிரப்பினேன். முதல் வரி வார்டு, அடுத்த வரி கட்டில். அவ்வளவுதான், மூன்றாவதற்கு இடமே கிடையாது. ஓட்டினேன்.

பச்சை.

எட்டு வார்டு, வார்டுக்கு எட்டுக் கட்டில், எல்லாக் கட்டிலுக்கும் பதில் வந்திருந்தது. ஒன்றுகூட விடுபடவில்லை. இருந்தாலும் கண்ணால் ஒன்றைப் பார்த்துவிடலாம் என்று, ஞாபகம் வைக்க எளிதாக, ஐந்தாம் வார்டு ஐந்தாம் கட்டிலை எடுத்துப் பழைய சர்வரோடு ஒப்பிட்டேன். அச்சுப் பிசகாமல் அதே குறிப்பு. திரைகளுக்கு அனுப்பிவிட்டு, அவசரத்துக்கும் தகவல் சொல்லிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்தேன்.

மூச்சுச் சத்தம் நின்றிருந்தது. ஸ்பிரிட் வாசனையும் போய்விட்டது. எதிர் நாற்காலி மட்டும் சுவர்ப் பக்கமாக முகம் திருப்பி நின்றது. நான் அதைத் திருப்பவில்லை.

தலைமை நர்ஸ் உள்ளே வந்தார். முழங்கால் வலியோடு மாடி ஏறிய களைப்பு முகத்தில் தெரிந்தது.

"முடிச்சிட்டீங்களாமே மேடம். அப்ப இனிமே ஸ்க்ரீனைப் பார்த்தே ஊசி போடலாமா?"

"தாராளமா. நாள் பூரா உயிரை எடுத்துடுச்சு. இந்த நம்பர் யாருதுன்னு மட்டும் சொல்லுங்க." பழைய பேக்கேஜைத் திறந்து மூன்றாவது வரியைக் காட்டினேன். "அழிக்க அழிக்கத் திரும்ப வந்துது."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பார்த்தவர் எதிர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தார்.

"இந்த நம்பரை நான் மறக்கமாட்டேன். எத்தனை விசாரணையில சொல்லியிருக்கேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு அம்மா. இந்த ஊசி எனக்கு ஆகாதுன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டே இருந்தாங்க. அப்பதான் வார்டுக்குப் புதுசா கம்ப்யூட்டர் வந்த நேரம். கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இல்லையேம்மான்னு சொல்லிட்டுப் போட்டுட்டாங்க."

"அப்புறம்?"

"தொண்டை அடைச்சிடுச்சு. கடைசி வரைக்கும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாங்க, சத்தம் வரல. மிஷின் கோளாறுன்னு கேஸை மூடிட்டாங்க. வார்டுல நாங்க திரும்ப எல்லாத்தையும் கையாலயே எழுத ஆரம்பிச்சோம்."

"அவங்க குறிப்பு கம்ப்யூட்டர்ல ஏறவே இல்லையா?"

"ஏறுச்சு மேடம். அதான் கொடுமை. அவங்க இருந்தது நாலாம் வார்டு ஏழாம் கட்டில். குறிப்பு போய் உக்காந்தது ஏழாம் வார்டு நாலாம் கட்டில்ல."

லேப்டாப்பை என் பக்கம் இழுத்தேன்.

புதிதாகக் கட்டியதைத் திறந்து, நான் ஒட்டிய கேள்வியை முதல் தடவையாக நிறுத்தி வாசித்தேன். அது முதலில் கேட்டது கட்டிலை. அடுத்துதான் வார்டு. நானோ, ஊரே சொல்கிற மாதிரி, வார்டை முதலிலும் கட்டிலை அடுத்தும் கொடுத்திருந்தேன். இரண்டும் எண்கள், எட்டுக்கு எட்டு. எதை எங்கே மாற்றிப் போட்டாலும் அங்கே ஒரு கட்டில் இருக்கும், பதில் வரும், பச்சை எரியும். நான் சரிபார்த்த ஐந்துக்கு ஐந்தை மாற்றிப் போட்டாலும் ஐந்துக்கு ஐந்துதான். பழைய ஆள் செய்த அதே தப்பு. அந்த மூன்றாவது வரி ஒன்றுதான் பேக்கேஜை ஓடவிடாமல் காலையிலிருந்து பிடித்து நிறுத்தியிருந்தது.

அதைத்தான் நான் ஒதுக்கித் தள்ளினேன்.

"ஸ்க்ரீனைப் பார்த்து யாரும் எதுவும் போடக்கூடாது, எல்லா வார்டுக்கும் சொல்லுங்க" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. தலைமை நர்ஸ் போனை எடுத்து ஒவ்வொரு வார்டாகச் சொல்லத் தொடங்கினார். நாலாம் வார்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

படிகளில் ஓடினேன். செருப்பு ஒன்று எங்கோ கழன்றது. வார்டுக் கதவைத் தள்ளும்போது அந்தச் சத்தம் கேட்டது. இழுத்து, சிக்கி, சன்னமாகி நிற்கும் மூச்சு. அக்காவின் மூச்சு என்றே நினைத்தேன். என் உயிர் அந்தக் கதவிலேயே போய்விட்டது.

அக்கா வலி மருந்தின் மயக்கத்தில் கண்மூடிப் படுத்திருந்தாள். மார்பு சீராக ஏறி இறங்கியது. தலைமாட்டுத் திரையில் சிவப்பு எழுத்து எதுவும் இல்லை. கட்டிலருகில் ஊசி போடவந்த நர்ஸ் சுவரோடு ஒட்டி நின்றாள். ஊசி கீழே விழுந்து, மருந்து தரையில் சிந்திக் கிடந்தது. மேசையில் போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"போட்டுட்டீங்களா?"

"இல்ல." தரையில் கிடந்த ஊசியைப் பார்த்தாள். "போடத்தான் வந்தேன். பக்கத்துல உக்காந்திருந்த அம்மா என் கையைப் புடிச்சுட்டாங்க. விடவே இல்ல. உங்க சொந்தக்காரங்களா?"

மணிக்கட்டைக் காட்டினாள். விரல் விரலாகச் சிவந்து தடித்திருந்தது.

எங்களுக்கு அம்மா இல்லை. அத்தை, சித்தி என்று யாரும் வந்திருக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் யாரும் இல்லை, அதன் மேல் ஸ்பிரிட் வாசனை மட்டும் இருந்தது.

தலைமை நர்ஸ் மூச்சிரைக்க வந்து, திரையை அணைத்து, அக்காவின் கட்டிலில் மாற்று மருந்து என்று தன் கையால் எழுதித் தொங்கவிட்டார். மற்ற வார்டுகளில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்றார். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். அந்தச் சத்தத்தில் அவள் கண்ணைத் திறந்தாள்.

"ஏன்டி அழற?"

"ஒண்ணும் இல்லக்கா. தூங்கு."

"அந்தம்மா போயிட்டாங்களா?"

என் கண் முக்காலிப் பக்கம் போனது.

"பாவம், தொண்டை சரியில்ல போல. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சை இழுத்து இழுத்துப் பேசினாங்க." அக்கா மயக்கத்தில் லேசாகச் சிரித்தாள். "உன் மேல செம கோவத்துல இருக்காங்கடி. எழுத எழுத நீ அழிச்சுட்டே இருந்தியாமே."

"அக்கா, அவங்ககிட்ட என்ன சொன்ன?"

"உன் பேரு கேட்டாங்க. வீடு எங்க, எந்த ரூம்ல படுப்பன்னு கேட்டாங்க. சொன்னேன்." கண் மறுபடி செருகியது. "எழுதிக் காட்டினா உனக்குப் புரியலையாம். இனிமே நேர்லயே வந்து சொல்லிடறாங்களாம்."